கணிப்பொறிக்கு ஏரி வேண்டாம், வாய்க்கால் போதும்

முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பிய காரணத்தால் அச்சு முறிந்து நின்றது என்றும், அவ்வாறு அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்றும் தலபுராணம் கூறும். அந்தப் பெயரே மக்கள் வாக்கில் அச்சரப்பாக்கம் ஆயிற்று. பூமியே தேர்த்தட்டாக, ஞாயிறும் திங்களும் சக்கரங்களாக, வேதங்களே குதிரைகளாக அமைந்த தேர் அது என்பர். அத்தகைய தேரும் அச்சு ஒன்று முறிந்ததால் நின்றுவிட்டது. புராணத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இதிலிருந்து ஒரு பாடத்தைப் பெறலாம். தேரின் பெருமை சிகரத்தில் தெரியலாம். அதன் ஓட்டம் கண்ணில் படாத அச்சில்தான் இருக்கிறது.

இன்றைய உலகின் தேர் கணிப்பொறி. வங்கிக் கணக்கு முதல் தேர்வு முடிவு வரை அதன் மேல் ஏறித்தான் வருகின்றன. அந்தத் தேரின் அச்சை முறிக்க வல்லது ஒன்று உண்டு. அதுதான் வெப்பம்.

"கணிப்பொறி சூடானால் நமக்கென்ன? அதை வாங்கியவர் கவலைப்படட்டும்" என்று நண்பர்கள் சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். நமக்கு நிரம்பக் கவலை உண்டு என்பதே என் கருத்து. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை ஒரே கூரையின்கீழ் அடுக்கி இரவு பகலாக ஓட்டும் தரவு மையங்கள் நம் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் எழுந்துள்ளன. அவற்றை வரவேற்கவே தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வரட்டும், வேலை பெருகட்டும். ஆனால் அவற்றின் சூட்டைத் தணிக்க யாருடைய தண்ணீர் செலவாகும் என்ற கேள்வியை ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற இம்மண்ணில் பிறந்த நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

சூடு எவ்வளவு?

கணிப்பொறியின் இதயம் சிலிக்கன் சில்லு. அதற்குள் செல்லும் மின்சாரம் கணக்குப் போட்டு முடித்ததும் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. ஆற்றல் அழியாது என்ற விதிக்குச் சில்லும் விலக்கல்ல.

நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது 1000 வாட் என்றும், அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் ஆகிறது. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்காக என்விடியா நிறுவனம் 2022இல் அறிமுகப்படுத்திய எச்100 என்ற சில்லின் பரப்பு ஏறத்தாழ 8 சதுர சென்டிமீட்டர். அது 700 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 80 வாட்டுக்கு மேல். இஸ்திரிப் பெட்டியைப்போல் பதினாறு மடங்கு! பெட்டி துணியைப் பொசுக்கும் அளவு சூடேறலாம். அதுவே அதன் தொழில். சில்லோ ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் இருந்தால்தான் நெடுநாள் உழைக்கும்.

இதுவரை இந்த வேலையைக் காற்று செய்து வந்தது. வானொலி பழுது பார்க்கும் கடைகளில் 'ஹீட் சிங்க்' என்று சொல்லும் சிறகு வைத்த அலுமினியத் துண்டை நாம் பார்த்திருக்கிறோம். அதன்மேல் ஒரு சிறு விசிறி சுழலும். ஆனால் காற்றின் திறன் குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சிறந்தது. ஒரே கன அளவு எடுத்து ஒரு டிகிரி சூடேற்றினால், தண்ணீர் சுமந்து செல்லும் வெப்பம் காற்று சுமப்பதைப்போல் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு. ஆகவே விசிறியின் காலம் முடிந்து வாய்க்காலின் காலம் வந்திருக்கிறது.

வாய்க்காலின் நுட்பம்

1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். சிலிக்கன் சில்லின் முதுகிலேயே நீண்ட பள்ளங்களை வெட்டினர். ஒவ்வொன்றின் அகலமும் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆழம் ஏறத்தாழ 300 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்று நுழையுமோ நுழையாதோ என்ற அளவுள்ள அந்த வாய்க்கால்களில் தண்ணீரைச் செலுத்தினர். சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பம் கொடுத்தும், உள்ளே வரும் நீரைவிடச் சில்லின் வெப்பநிலை 71 டிகிரிதான் கூடியது. இதற்கு ஓடிய நீர் நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவே. 'நுண்வாய்க்கால் வெப்ப வடிகால்' என்ற துறை இந்தச் சோதனையிலிருந்தே வளர்ந்தது.

வாய்க்கால் குறுகக் குறுகக் குளிர்ச்சி கூடுவது ஏன்? நீர் அமைதியாக, ஒழுங்கான அடுக்குகளாக ஓடும்போது, சுவரிலுள்ள வெப்பம் நீரின் நடுப்பகுதிவரை கடத்தல் மூலமே போய்ச் சேர வேண்டும். அகன்ற குழாயில் அந்தத் தூரம் நீண்டது; குறுகிய வாய்க்காலில் குறைந்தது. ஒரு சென்டிமீட்டர் குழாயை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால், சுவரிலிருந்து நீருக்கு வெப்பம் மாறும் விகிதம் நூறு மடங்கு உயரும். அதோடு, ஒரே இடத்தில் பல வாய்க்கால்களை வெட்டுவதால் நீர் தொடும் பரப்பும் பெருகும்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அதை நம் இயற்பியல் ஆய்வகத்திலேயே கண்டிருக்கிறோம். நுண்குழாயின் வழியே நீரைச் சொட்டவிட்டு, நிறுத்து கடிகாரத்தைக் கையில் பிடித்து, பாய்சுவே முறையில் பாகியல் எண் காணும் சோதனையை யார் மறக்க முடியும்? குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாயும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்று அங்கே படித்தோம். ஆகவே வாய்க்காலைக் குறுக்கினால் குளிர்ச்சி மிகும். ஆனால் நீரைத் தள்ளும் பம்பின் உழைப்பும் மிகும். பக்கத்து மேசையில் லீ தட்டை வைத்து வெப்பக் கடத்தல் எண் கண்டோம். அந்த இரண்டு மேசைகளையும் ஒன்று சேர்த்தால் கிடைப்பதே இந்தத் துறை. மதிப்பெண்ணுக்காக நாம் எழுதி மூடி வைத்த பதிவேட்டில் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொழில் நுட்பம் ஒன்று உறங்கிக் கிடக்கிறது.

பம்பின் சுமையைக் குறைக்கும் வழியை நம் உழவர்கள் என்றோ அறிந்தவர்கள். மதகைத் திறந்த நீரை ஒரே நெடிய வாய்க்காலில் வயல் முழுவதும் ஓட விடுவதில்லை. பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், கிளையிலிருந்து பாத்தி என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் நீர் ஓட வேண்டிய தூரம் குறைவு. ஆகவே கடைமடைக்கும் எளிதில் நீர் சேர்கிறது. நுண்வாய்க்காலிலும் இதே முறை பயன்படுகிறது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தினர், கிளை பிரியும் வாய்க்கால்களைச் சில்லுடன் சேர்த்தே அமைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 1700 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றிக் காட்டினர். அதற்குப் பம்புக்குத் தேவைப்பட்ட ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு 0.57 வாட் மட்டுமே. 2020ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது.

தண்ணீர்க் கணக்கு

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். சில்லிலிருந்து எடுத்த வெப்பம் மறைந்துவிடுவதில்லை. அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். குளிர்ந்த காற்றால் கணிப்பொறியை ஆற்றும் மையங்களில் இதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உண்டு. ஒன்று, பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை வைத்து, அவற்றின் வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ளுவது. இது மின்சாரத்தை மிகுதியாக விழுங்கும். மற்றொன்று, குளிர்விப்புக் கோபுரங்களில் தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தைப் போக்குவது. இது மின்சாரத்தைச் சற்று மிச்சப்படுத்தும், தண்ணீரை விழுங்கும். மண்பானையில் நீர் குளிரும் அதே தத்துவம்தான்.

எவ்வளவு விழுங்கும்? பத்து மெகாவாட் மையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். பத்து மெகாவாட் என்பது வினாடிக்கு 10,000 கிலோஜூல். எனவே வினாடிக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல் ஆவியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3,60,000 லிட்டர்; பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரிகள் 36. கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அந்த அளவுகோலின்படி, ஒரே மையத்தில் ஆவியாகும் நீர் ஆறாயிரத்து ஐந்நூறு பேருக்குப் போதும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் வேலை செய்பவர் சில நூறு பேரைத் தாண்ட மாட்டார்கள்.

2019ஆம் ஆண்டை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மனிதரை வீட்டுக்கு அனுப்பலாம். தரவு மையத்தை அனுப்ப முடியாது. அதற்கு ஒரு மணி நேரமும் விடுமுறை கிடையாது. அடுத்த வறட்சியில் லாரி முதலில் எந்த வாசலில் நிற்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமபிரான் காத்தார் என்றும், அதைக் கண்ட கலெக்டர் லயனல் பிளேஸ் கோயில் திருப்பணி செய்தார் என்றும் நம் பகுதியில் வழங்கும் வரலாற்றை அறிவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கவலை, ஏரி நிரம்பி உடைந்துவிடுமே என்பது. இன்று கவலை அது நிரம்புமா என்பது. இரண்டு காலத்திலும் ஏரியைக் காக்க வேண்டியவர் இருக்கவே செய்கிறார்கள்.

சுடுநீரால் குளிர்விக்கலாம்

இங்கேதான் நுண்வாய்க்காலின் உண்மையான பயன் வெளிப்படுகிறது. சில்லைக் குளிர்விக்கக் குளிர்ந்த நீர் தேவையில்லை; சுடுநீரே போதும்!

இது விந்தையாகத் தோன்றலாம். பேருந்தை நினைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில், நாற்பது டிகிரி அனல் காற்றில், செங்கற்பட்டிலிருந்து திண்டிவனம் வரை பேருந்து ஓடுகிறது. அதன் எஞ்சினைக் குளிர்விக்க யாரும் ஐஸ் கட்டி கொட்டுவதில்லை. எஞ்சினைச் சுற்றி வரும் நீர் எண்பது, தொண்ணூறு டிகிரி சூட்டில் இருப்பதால், நாற்பது டிகிரி காற்றே அதற்குக் குளிர்காற்று. வெப்பநிலை வேறுபாடு மிகுந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும் என்ற நியூட்டனின் குளிர்வு விதியை ஓட்டுநர் படித்திராவிட்டாலும் ரேடியேட்டர் அறிந்திருக்கிறது. அதே நீரே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, ஆவியாகி வீணாவதில்லை.

கணிப்பொறிக்கும் இதையே செய்யலாம். சில்லுக்கும் நீருக்கும் இடையிலான வெப்பத்தடை மிகக் குறைந்தால், நீர் சூடாக இருந்தாலும் சில்லு தாங்கும். 1981ஆம் ஆண்டுச் சோதனையின் கணக்கை 80 வாட்டுக்குப் பொருத்தினால், சில்லு நீரைவிட ஏழெட்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். நடைமுறையில் வாய்க்கால் சில்லுக்குள் இராமல் அதன் மேல் அழுந்தும் செம்புத் தகட்டில் இருப்பதால், நடுவிலுள்ள பசை முதலியவற்றின் தடையும் சேர்ந்து வேறுபாடு இன்னும் மிகும். அதை முப்பது டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பது டிகிரி நீர் உள்ளே போகும்போது சில்லு எண்பதில் நிற்கும். அந்த நீரை நம் ஊர் மே மாதக் காற்றே, பேருந்து ரேடியேட்டர் போன்ற அமைப்பில், ஆற்றிவிடும். ஆவியாக்கத் தண்ணீர் வேண்டாம். குளிரூட்டும் இயந்திரத்தின் வேலையும் பெரும்பகுதி குறையும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2010இல் ஐ.பி.எம். நிறுவனமும் சூரிச் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து அமைத்த 'அக்வாசார்' என்ற கணிப்பொறி, ஏறத்தாழ 60 டிகிரி நீரால் குளிர்விக்கப்பட்டது. வெளியே வந்த வெப்பம் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது. நம் தமிழகத்திலேயே, திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற மீக்கணினி தொடங்கி வைக்கப்பட்டது. வினாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்ய வல்ல அந்தப் பொறியில், குளிர்விக்கும் நீர்மத்தைச் சில்லின் மேலுள்ள தகட்டுக்கே கொண்டு செல்லும் நேரடி நீர்மக் குளிர்விப்பு முறை கையாளப்பட்டுள்ளது. வெயிலுக்குப் பேர்போன திருச்சியில் ஓர் அரசுக் கல்வி நிறுவனத்தில் நீர்மத்தைச் சில்லின் வாசலுக்கே கொண்டுவர முடிந்தது. கோடி கோடியாக முதலீடு செய்வோர் சிறுசேரியில் அதற்கு ஒரு படி மேலே போகக் கூடாதா?

மறுப்பும் விடையும்

எதிர்ப்பக்கத்துக்கும் காது கொடுக்க வேண்டும். மின்சாரத்தின் அருகே தண்ணீரா, கசிந்தால் என்ன ஆகும் என்பார்கள். நியாயமான அச்சம். நல்ல இணைப்புகளும் கசிவறி கருவிகளும் கட்டாயம் வேண்டும். மயிரளவு வாய்க்கால் தூசி, பாசி, துரு ஆகியவற்றால் அடைபடும் என்பார்கள். உண்மை. அதற்காகத்தான் மூடிய சுற்றில் தூய்மை செய்த நீரை விட்டு, வாய்க்காலின் அகலத்தைவிட நுண்ணிய வடிகட்டியை முன்னே வைக்கிறார்கள். ஏரிக்கால்வாயைக் குடிமராமத்துச் செய்து தூர் வாரிய பரம்பரை நாம். வாய்க்கால் என்றால் பராமரிப்பும் உண்டு என்பது நமக்குப் புதிதல்ல.

கணிப்பொறியின் வெப்பம் முழுவதும் சில்லில் மட்டும் பிறப்பதில்லை, மற்ற உறுப்புகளுக்குக் காற்று தேவைதானே என்பாரும் உண்டு. அதுவும் சரியே. பெரும்பகுதியை வாய்க்கால் சுமந்தால் எஞ்சிய சிறுபகுதியைச் சிறிய குளிரூட்டி பார்த்துக்கொள்ளும். செலவு கூடும் என்ற வாதம் ஒன்று மிஞ்சுகிறது. தொடக்கச் செலவு கூடும்தான். ஆனால் தண்ணீரை மலிவாகக் கொடுத்துவிட்டு, அதை மிச்சப்படுத்தும் கருவி விலை அதிகம் என்று சொல்வது எந்த நியாயம்? அந்தத் தண்ணீருக்கு உரிய விலையை லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதே கடற்கரையில் கல்பாக்கத்தைப் பாருங்கள். அங்கே 1984இல் வணிக முறையில் மின்னுற்பத்தி தொடங்கிய அணுமின் நிலையம் கடல்நீரைக் கொண்டு வெப்பத்தைப் போக்குமாறு அமைக்கப்பட்டது. 1985இல் இயக்கம் கண்ட ஈனுலைச் சோதனை உலையில் உருகிய சோடியமே வெப்பத்தைச் சுமக்கிறது. இடத்தையும் பணியையும் ஆராய்ந்து குளிர்விக்கும் பொருளைத் தேர்ந்தார்கள். அணு உலைக்கே அந்த ஆராய்ச்சி இயலுமானால் கணிப்பொறிக் கூடத்துக்கு இயலாதா?

நாம் செய்ய வேண்டுவது

ஆகவே என் கருத்து இதுதான். நம் மாவட்டத்தில் புதிதாக எழும் ஒவ்வொரு தரவு மையமும், குடிநீரையும் பாசன நீரையும் ஆவியாக்காமல், நுண்வாய்க்கால் தகடுகளும் மூடிய சுடுநீர்ச் சுற்றும் கொண்டு இயங்க வேண்டும் என்பதை அரசு நிபந்தனையாக்க வேண்டும். சலுகை பெறுகிறவர் நிபந்தனையையும் ஏற்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மையமும் ஆண்டுக்கு எத்தனை லிட்டர் நீரும் எத்தனை யூனிட் மின்சாரமும் செலவிட்டது என்பதை வாசலில் எழுதிப் பொதுமக்கள் அறியச் செய்ய வேண்டும்.

பேராசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். பாய்சுவே சோதனையில் நுண்குழாயை அடுப்பில் சூடேறிய ஒரு செம்புத் தகட்டின்மேல் பதித்து, நீர் உள்ளே நுழையும் வெப்பநிலையையும் வெளியே வரும் வெப்பநிலையையும் இரண்டு வெப்பமானிகளால் அளக்கச் சொல்லுங்கள். அதிகச் செலவு ஆகாது. இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தான் படிப்பது எதற்கு என்பது அன்று விளங்கும். அப்படி விளங்கியவர்களில் சிலராவது நாளை இத்தகடுகளை வடிக்கும் பட்டறைகளை நம் பக்கத்திலேயே தொடங்குவார்கள்.

அச்சு முறிந்தபோது தேவர்கள் தேரை விட்டுவிட்டு ஓடவில்லை. மறந்தது எது என்று ஆராய்ந்து, அதைச் செய்து முடித்த பின்னரே தேர் நகர்ந்தது. கணிப்பொறித் தேரும் நம் ஊர் வழியே ஓடட்டும். வடம் பிடிக்க நாமும் வருவோம். புறப்படுமுன் ஏரியை ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும் என்பதே நாம் கேட்பது.